முயலுக்குக் கண் திறந்தார்கள்

புதுக்கோட்டையில் புதிதாக லாட்ஜ் கட்டுகிற ஒருவர் போன மாதம் என்னைத் தேடி வந்தார். குடும்பத்தோடு வருகிறவர்களுக்குக் குறைந்த வாடகையில் அறை விடப் போகிறாராம். வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்குச் சிமெண்டில் பொம்மை வைக்க ஆசை. பத்திரிகையில் வருகிற சிரிப்புப் படம் மாதிரி, தொப்பி போட்ட கரடி, கண்ணடிக்கிற குரங்கு.

"பிள்ளைங்க பாத்துட்டு அப்பன் கையைப் பிடிச்சு உள்ள இழுக்கணும். நீங்க எத்தனையோ வருஷமா குடும்பங்களுக்குப் பாய் விரிச்சுப் போட்டவரு. வைக்கலாமா, வேணாமா?" என்று கேட்டார்.

எனக்கு ஆட்களோடு பேச வராது. அஞ்சாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பிவிட்டால் தெரிந்த பதிலும் தொண்டையிலேயே நின்றுவிடும். இன்றைக்கும் அப்படித்தான். "யோசிச்சுச் சொல்றேங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. குரங்கு கண்ணடிக்கும் என்று அவர் சொன்னபோதே எனக்கு முதுகு சில்லிட்டுவிட்டது. ஏன் என்று வாயால் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது நான் மணமேல்குடியில் இருந்தேன். ஊரிலிருந்து கடலுக்குப் போகிற மண்சாலையில் ஒரு விடுதி. ஓட்டுக்கூரை, சுற்றிலும் அறைகள், நடுவில் முற்றம், பின்னால் கிணறு. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கடலில் முழுகித் தர்ப்பணம் கொடுக்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, அறந்தாங்கி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களும் உண்டு. மற்ற நாட்களில் மீமிசலுக்கு மீன் வாங்கப் போகிற வியாபாரிகள் வந்து தங்குவார்கள். தண்ணீர் இறைப்பது, பாய் விரிப்பது, அறை கூட்டுவது, அரிக்கேன் விளக்குகளைத் துடைத்து எண்ணெய் ஊற்றுவது என் வேலை. கிணற்றடியில் ஒரு சின்ன அறையை எங்களுக்கு விட்டிருந்தார்கள். நான், என் மனைவி, மகள். மகளுக்கு அப்போது நாலு வயது. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவள் ஒருத்திதான் எங்களுக்கு நின்றவள்.

முதலாளி யுத்தத்துக்குப் பிறகு பினாங்கிலிருந்து திரும்பி வந்தவர். நல்ல மனுஷர், வாய் ஓயாது. எதைச் சொன்னாலும் "பினாங்குல" என்றுதான் ஆரம்பிப்பார். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் விடுதி திறந்து எலக்ட்ரிக் விளக்கும் போட்டதும் முதலாளியின் பேச்சு குறைந்துவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்குகிற குடும்பங்கள் எங்கள் பக்கம் நடக்காமல் அங்கேயே மூட்டையை இறக்கின. ஒருநாள் காலையில் அவர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். டப்பா மூடியில் ஒரு முயல். அரைக்கால் டவுசர் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு முன்பல்லையும் காட்டிச் சிரிக்கிற முயல்.

"பினாங்குல ஒரு தோட்டம் இருக்குப்பா. பூராவும் பொம்மை. யானை உசரத்துக்குத் தவளை, பனைமர உசரத்துக்குப் பல்லி. ஞாயித்துக்கெழமை ஆனா பிள்ளைகளைத் தோள்ல தூக்கிக்கிட்டுச் சனம் வரும் பாரு, கால் வைக்க எடம் இருக்காது. நம்ம வாசல்ல இதை வச்சா, பஸ்ஸுல வர்ற பிள்ளைக அங்கிட்டுப் போக விடுமா?"

நான் தலையாட்டினேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அவ்வளவு பெரிய உருவத்தைச் செய்ய எங்கள் பக்கத்தில் ஒரே வகை ஆட்கள்தான் இருந்தார்கள். அய்யனார் கோயிலுக்கு மண் குதிரையும் சுண்ணாம்புச் சுதையில் முனியும் செய்கிற வேளார்கள். அறந்தாங்கிக்கு இங்கிட்டு ஒரு கிராமத்திலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார் முதலாளி. ஒல்லியான ஆள், நாற்பது வயது இருக்கும். டப்பா மூடியைக் கையில் வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன சாமிங்க?"

"சாமி இல்லே வேளாரே. முயலு."

"முயலு ஏங்க டவுசர் போட்டிருக்கு?"

"அதுல தான்யா சிரிப்பு இருக்கு."

"மானத்துக்குப் போட்டிருக்கு. இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார் வேளார். பிறகு, "வாகனம் என்னங்க இதுக்கு?" என்று கேட்டார்.

"வாகனமும் இல்லே, ஒண்ணும் இல்லே. உக்காந்து சிரிக்கணும். வர்ற பிள்ளையும் சிரிக்கணும். அவ்வளவுதான்."

"செஞ்சுரலாங்க" என்றார்.

செங்கல்லும் சுண்ணாம்பும் வந்து இறங்கின. சாரம் கட்டினார்கள். நான் சாந்து அரைத்துக் கூடையில் தூக்கிக் கொடுத்தேன். மூடியில் கட்டைவிரல் அளவு இருந்த படத்தை ஓட்டுக்கூரைக்கு மேலே எழுகிற உருவமாக ஆக்க வேண்டும். படத்தில் தெரியாத இடங்களை வேளாரின் கை தனக்குத் தெரிந்தபடி நிரப்பிக்கொண்டு போனது. கால் மேல் கால் போட்டது, ஒரு காலை மடக்கி ஒரு காலைத் தொங்கவிட்ட இருப்பாக ஆயிற்று. முழங்காலில் ஊன்றிய கை வந்தது. முயலுக்கு மீசை மயிர் இருக்கிறதே, அது பக்கத்துக்கு மூன்று கம்பியாக இல்லாமல் முறுக்கிவிட்ட மீசையாக வந்தது. முதலாளி கீழே நின்று பார்த்துவிட்டு, "மீசை கொஞ்சம் சாஸ்தி வேளாரே" என்றார். "ஆம்பளை முயலுதானுங்க?" என்றார் வேளார். முதலாளி சிரித்துவிட்டார். காதுகள் இரண்டும் தென்னைமட்டை நீளம். சாலை முனையில் திரும்பும்போதே தெரிந்தன.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கண் வைக்காமல் இருந்த அந்த நாட்களில் யாருக்கும் பயம் இல்லை. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அதன் பாதத்தில் ஏறிச் சறுக்கி விளையாடின. "முயல் மாமா" என்று பேர்கூட வைத்துவிட்டன. என் மகள் எழுந்ததும் வாய்கூடக் கொப்பளிக்காமல் ஓடிப்போய் அதன் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொள்வாள். அங்கே உட்கார்ந்துதான் நீராகாரம் குடிப்பாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

கண் மட்டும் பாக்கி என்றபோது வேளார் முதலாளியிடம் நல்ல நாள் கேட்டார். ஒரு சேவல், ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி, எலுமிச்சம்பழம், புதுத்துணி வேண்டும் என்றார்.

"எதுக்குய்யா?"

"கண்ணு தொறக்கத்தான்."

"முயலுக்கா?"

"எதுக்கா இருந்தாலும் கண்ணு கண்ணுதானுங்க. தொறந்ததும் மொதப் பார்வை மனுசங்க மேல விழக் கூடாது. அது தாங்காது. கண்ணாடியில அதும் மூஞ்சியை அதுவே பாத்துக்கிட்டா உக்கிரம் தணிஞ்சிரும். எங்கப்பன் காலத்துலருந்து இப்படித்தான். இல்லாம என் கை எழுதாது."

முதலாளி நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "சரி, சேவலு எப்படியும் கொளம்புக்குத்தானே போகப் போகுது. வாங்கிக்க" என்று சொல்லிவிட்டார். யாருக்கும் அதில் பெரிய விஷயம் ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

விடியும் நேரத்தில் வைத்துக்கொண்டார்கள். அறைகளில் ஆள் இல்லை. என்னைச் சாலையில் நிறுத்தி, வண்டியோ ஆளோ வந்தால் தள்ளியே நிறுத்தச் சொன்னார் வேளார். முதலாளி உள்ளே இருந்தார். முயலின் பாதத்துக்கு எதிரே தரையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டு வேளார் சாரத்தில் ஏறினார். முயலின் முகத்தை மூடிய புதுத்துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு எழுதினார். நான் சாலையில் இருந்து பார்த்தபோது அவர் முதுகு மட்டும் தெரிந்தது. கடல் பக்கத்திலிருந்து காற்றே இல்லை. பிறகு அவர் ஏதோ சொல்லி, ஒருபக்கமாக ஒதுங்கித் துணியை உருவினார்.

உருவியவர் அப்படியே நின்றுவிட்டார். கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். என் மகள் நின்றுகொண்டிருந்தாள். கிணற்றடி வழியாக, தூக்கம் கலையாத முகத்தோடு, வழக்கம்போல வந்துவிட்டாள். சாய்த்து வைத்திருந்த கண்ணாடியைக் கையில் எடுத்துத் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியின் முதுகு மேலே இருந்தது. அதற்கு மேலே அந்தக் கண்கள் இருந்தன.

அவை முயலின் கண்கள் இல்லை. டப்பா மூடியில் இருந்தவை இரண்டு கறுப்புப் புள்ளிகள். இவை வேளார் வம்சம் வம்சமாக எழுதிவந்த கண்கள். வெள்ளை விழி பிதுங்கி, நடுவில் கருவிழி, ஓரத்தில் சிவப்பு ரேகை. எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கிற கண்கள். இரண்டு முன்பல்லும் முறுக்கு மீசையும் அந்தக் கண்களுக்குக் கீழே வேறு மாதிரி ஆகிவிட்டன. அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த வாய் இப்போது எதற்கோ காத்திருந்தது.

மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடி கை நழுவி விழுந்து உடைந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

வேளார் இறங்கிவந்து, "யாரு பிள்ளை?" என்று கேட்டார்.

"என் பிள்ளைங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேவலை அறுத்தார். எலுமிச்சம்பழத்தை அவள் தலையைச் சுற்றி நசுக்கினார். மஞ்சள் கயிறு ஒன்றைக் கையில் கட்டிவிட்டார். "ஒண்ணும் வராது. பயப்படாதீங்க தம்பி" என்றார். சொல்லிவிட்டு, சாப்பிடக்கூட நிற்காமல் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். குழம்பு அப்படியே இருந்தது. நாங்கள் யாரும் தொடவில்லை.

இரண்டொரு நாளில் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் விட்டு விட்டு வந்தது, பிறகு விடவே இல்லை. ஆஸ்பத்திரி காம்பவுண்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "டைபாய்டு மாதிரி தெரியுது. கஞ்சித் தண்ணி தவிர ஒண்ணும் குடுக்காதீங்க" என்று சொல்லிச் சீசாவில் மருந்து ஊற்றிக் கொடுத்தார். என் மனைவி மருந்தையும் கொடுத்தாள், பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போய் ஓதி வாங்கியும் வந்தாள். பிள்ளை சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். திருப்பிப் படுக்க வைத்தால் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

"அதைக் கண்ணை மூடச் சொல்லு" என்றாள் ஒருநாள். எதை என்று நாங்கள் கேட்கவில்லை.

எங்கள் அறைச் சன்னல் வழியாகப் பார்த்தால் ஓட்டுக்கு மேலே அதன் பின்தலையும் காதுகளும்தான் தெரியும். முகம் தெரியாது. ஆனாலும் என் மனைவி சன்னலில் பழைய சேலையைத் திணித்து அடைத்துவிட்டாள். "முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்குன்னு நினைக்காதீங்க. எந்நேரமும் திரும்பும்" என்றாள். நான் வாசல் கூட்டும்போது குனிந்தே கூட்டினேன். பிடரியில் ஈ உட்கார்ந்த மாதிரியே இருக்கும். தட்டிவிட்டால் ஈ இருக்காது.

முதல் இரண்டு பிள்ளைகளையும் நான் கையில் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தவன். அந்தக் கனம் என் கைக்குத் தெரியும். மகளைத் தூக்கி மருந்து கொடுக்கும்போதெல்லாம் கை அந்தக் கனத்தைத் தேடியது. அதை நான் என் மனைவியிடம் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் ஆடி அமாவாசையும் வந்துவிட்டது. குன்றாண்டார்கோவில் பக்கத்துக் குடும்பம் ஒன்று கூண்டுவண்டியில் வந்து இறங்கியது. புருஷன், பெண்டாட்டி, புருஷனின் தங்கை, மூன்று பிள்ளைகள். வருஷா வருஷம் எங்களிடம்தான் தங்குவார்கள். முதலாளி வாசலுக்கு வந்து வரவேற்றார். அந்த அம்மாள் வண்டியிலிருந்து ஒரு காலை இறக்கியவள் மேலே பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இது எந்த முனிங்க? போன வருஷம் இல்லையே."

"முனி இல்லேம்மா. முயலு. பிள்ளைகளுக்காக வச்சது. சிரிக்குது பாருங்க."

"சிரிக்குதா? பல்லைல்ல காட்டுது."

புருஷன் காதுகளைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், டவுசரைப் பார்த்தார். "வெள்ளைக்காரன் காலத்து முனியா இருக்கும். போலீஸ் உத்தியோகம் பாத்திருக்கும் போல" என்றார். தங்கை சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னப் பையன் வண்டிக்குள்ளேயே படுத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று கத்தினான்.

"உள்ள வாங்கம்மா. வழக்கமான ரூமுதான், கழுவி வச்சிருக்கு" என்றார் முதலாளி.

அந்த அம்மாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். எனக்கும் கேட்டது. "தப்பா நெனைக்காதீங்கண்ணே. பச்சைப் பிள்ளைகளை வச்சிருக்கோம். எங்க நாத்தனா வேற வீட்டுக்குத் தூரம். முனி வாசல்ல எப்படிப் படுக்கிறது? கால் நீட்டக்கூடப் பயமா இருக்கும்."

வண்டியைத் திருப்பிக்கொண்டு எலக்ட்ரிக் விளக்கு போட்ட விடுதிக்குப் போய்விட்டார்கள். பிறகு வந்தவர்களும் அப்படித்தான். வாசல் வரைக்கும் வருவார்கள், கும்பிடுவார்கள், போய்விடுவார்கள். வாசல் மட்டும் வெறிச்சோடிக் கிடக்கவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் சூடம் கொளுத்திவிட்டுப் போனார்கள். வலையில் முதலில் ஏறின மீனை இலையில் வைத்துவிட்டுப் போனார்கள். யாரோ காதில் பூச்சரம் சுற்றிவிட்டார்கள். ஏணி இல்லாமல் எப்படி ஏறினார்கள் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அறைகளில் பாய்கள் சுருட்டியபடியே இருந்தன.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இப்போது அந்த லாட்ஜ்காரருக்குச் சொல்ல வேண்டியதும் அதுதான். பொம்மையைப் பார்க்கப் பிள்ளை வரும். தங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது தாய். அவள் வந்ததும் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்ப்பாள். கடல் உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பாள். ராத்திரி பிள்ளை எழுந்தால் பயப்படாமல் கூட்டிப்போக வழி இருக்கிறதா என்று நோட்டம் விடுவாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் அந்த ஊரிலேயே நல்ல தண்ணீர். அதை நம்பி இருந்திருக்கலாம். வாசலில் பெரிதாக எதையாவது உட்கார வைத்துவிட்டால், அது என்னவாக இருக்கும் என்று வைத்தவர் முடிவு செய்ய முடியாது. வருகிறவர்கள் அவரவர் மனதில் இருப்பதை அதற்குள் ஏற்றிவிடுவார்கள்.

இந்த யோசனையெல்லாம் பிறகு வந்ததுதான். அன்றைக்கு எனக்கு மகள் மட்டும்தான். வேளாரைத் தேடிக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி நாலைந்து உருவங்கள், எல்லாம் கண் இல்லாமல்.

"பிள்ளை எப்படி இருக்கு?" என்று அவரே கேட்டார்.

"காய்ச்சல் விடலைங்க."

"அன்னைக்கிருந்து நானும் ஒரு கண்ணு எழுதலே தம்பி. கை வர மாட்டேங்குது." மண்ணை உருட்டிக்கொண்டே இருந்தார். "அது முயலா, முனியா, எனக்கே தெரியலே. கைக்குத் தெரிஞ்சதைத்தானே கை செய்யும்."

"கண்ணை மூடிர முடியாதுங்களா?"

"சும்மா சுண்ணாம்பை அப்பி மூடக் கூடாது. உள்ள இருக்கிறதை மொதல்ல ஒரு கொடத்துத் தண்ணியில எறக்கணும். எறக்கிக் கடல்ல விட்டுட்டா அப்பறம் அது வெறும் சுதை. கொடத்தைப் பிள்ளையோட அப்பன்தான் தூக்கணும். மார்பளவு தண்ணி வர்ற வரைக்கும் போகணும். பேசக் கூடாது, விட்ட எடத்தைத் திரும்பிப் பாக்கக் கூடாது."

"எங்க கடல்ல மார்பளவு தண்ணி எங்கங்க இருக்கு?"

"இருக்கிற எடம் வரைக்கும் போ." பிறகு சொன்னார்: "ஆனா வச்சவரு வாயால 'எறக்கு'ன்னு சொல்லணும். அவரு சொல்லாம நான் தொட மாட்டேன்."

முதலாளியிடம் நான் அதுவரைக்கும் சேர்ந்தாற்போல இரண்டு வாக்கியம் பேசினது கிடையாது. "சரிங்க", "ஆச்சுங்க", "இல்லைங்க" என்பதோடு முடிந்துவிடும். பஸ்ஸில் திரும்பி வரும்போது சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த முயலுக்கு அவர் எவ்வளவு செலவு செய்திருக்கிறார், எவ்வளவு பேரிடம் பெருமை பேசியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். வேலையை விட்டுப் போ என்று சொல்லிவிட்டால் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? மனைவியிடம் சொன்னேன். "நீங்க கேக்கலேன்னா நான் போய் அவரு கால்ல விழுவேன்" என்றாள். அதற்கு மேல் நான் நிற்கவில்லை.

சாயங்காலம் போனேன். வாசல் பக்கம் அவர் இல்லை. கிணற்றுக்குப் பின்னால், வேலி ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் சைக்கிளும் அங்கேயே நின்றது. வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு முள்ளை விலக்கியிருந்தது. அவர் பல நாளாக முன்வாசல் வழியாக வரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்னப்பா?"

நான் நின்றேன். சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் போய்விட்டது.

"பிள்ளை எப்படி இருக்கு?"

"சுவரைப் பாத்துக்கிட்டே படுத்திருக்குங்க."

"பினாங்குல இப்படி இல்லப்பா. அங்க பொம்மைன்னா பொம்மைதான். பிள்ளைக அது வாய்க்குள்ள கையை விட்டு வெளையாடும்" என்றார்.

"அங்க கண்ணு யாருங்க வச்சது?"

வேண்டுமென்று கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேளார் எறக்குறேன்னு சொல்றாருங்க. நீங்க வாயால சொல்லணுமாம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"வரச் சொல்லு" என்றார். "ஒன் பிள்ளைக்காகன்னு ஊர்ல சொல்லிக்க. எனக்காகன்னு சொல்லிராதே."

வேளார் வந்தார். வாசலில் குடத்தை வைத்து, வேப்பிலை போட்டு, நூலைக் குடத்தின் கழுத்திலிருந்து முயலின் கழுத்துக்குக் கட்டினார். முதலாளி அன்றைக்கு முன்வாசலுக்கு வந்து நின்று, "எறக்கிரு வேளாரே" என்றார். நூலை அறுத்ததும் குடத்தின் வாயைத் துணியால் கட்டி என் தலையில் ஏற்றினார்கள். வேளார் ஏணியில் ஏறத் தொடங்குவதைப் பார்த்துவிட்டு நான் கடல் பக்கம் நடந்தேன்.

எங்கள் கடலில் அலை கிடையாது. சேறும் மணலுமாகக் கணுக்கால் அளவுத் தண்ணீர் நீண்டுகொண்டே போகும். நல்ல வெயில். நடந்தேன், முழங்கால் வந்தது. இன்னும் நடந்தேன், மறுபடியும் கணுக்காலுக்குக் குறைந்தது. வலை கட்டுகிற குச்சிகளையும் தாண்டியாயிற்று. மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், "எங்க போறே? தண்ணி இன்னும் உள்ள போகணும்" என்று கூப்பிட்டுச் சொன்னார். பதில் சொல்லக் கூடாது. குடம் முதலில் தண்ணீர்க் கனம்தான் இருந்தது. பிறகு அப்படி இல்லை. கழுத்து உள்ளே இறங்குகிற மாதிரி இருந்தது. உள்ளே ஏதோ ஒருபக்கமாகச் சாய்ந்தது, திரும்பியது. நடக்கிறதால் தண்ணீர் ஆடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நின்று பார்த்தேன். நின்ற பிறகும் ஆடியது.

தொடை, இடுப்பு என்று ஒருவழியாக ஏறி மார்புக்குத் தண்ணீர் வந்தபோது கரையே தெரியாது என்று நினைக்கிற தூரம் வந்திருந்தேன். குடத்தை இறக்கித் துணியை அவிழ்த்துக் கவிழ்த்தேன். குமிழி விட்டுக்கொண்டு போயிற்று. உடனே திரும்பிவிட்டேன்.

திரும்பின பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. கரை எதிரே இருந்தது. பனைகளுக்கு நடுவே அந்தக் காதுகள் தெரிந்தன. தலையைத் தூக்கினால் முகமும் தெரியும். வேளார் இதற்குள் கண்ணை மூடியிருப்பாரா, இன்னும் ஏணியிலேயே நிற்கிறாரா, இறக்கினது முழுசாக இறங்கியதா, ஒன்றும் தெரியாது. பின்னால் பார்க்கக் கூடாது. முன்னால் பார்க்கத் தைரியம் இல்லை. தண்ணீரில் நான் கால் வைக்கிற இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்தேன். என் வாழ்க்கையில் அதைப் போல நீளமான நடையை நான் நடந்ததில்லை. பின்னால் தண்ணீர் சலசலத்தது. நான் நின்றால் அதுவும் நின்றது.

கால் காய்ந்த மணலில் பட்டபோது என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். "மூடியாச்சு" என்றாள். அப்புறம்தான் தலையைத் தூக்கினேன். இரண்டு கண்ணும் இருந்த இடத்தில் ஈரச் சுண்ணாம்பு. பார்க்க அதுவும் நன்றாக இல்லை.

காய்ச்சல் அன்றைக்கே இறங்கிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டது. தன் மருந்துதான் என்றார் காம்பவுண்டர். குடம்தான் என்றாள் என் மனைவி. நான் யாரிடமும் வாதாடவில்லை. மகள் எழுந்து உட்கார்ந்தபோது தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து தலை வழுக்கையாகிவிட்டது. முற்றத்தில் உட்கார வைத்தால் வேலிப் பக்கம் பார்த்தே உட்காருவாள். குடும்பங்கள் ஒன்றிரண்டாகத் திரும்பி வந்தன, தண்ணீருக்காக. கண் இல்லாத முயலைப் பார்த்துப் பிள்ளைகள் கேள்வி கேட்டன. தாய்மார்கள், "பேசாம வா" என்று உள்ளே கூட்டிப் போனார்கள். அதை இடிக்க உள்ளூரில் யாரும் கடப்பாரை எடுக்கவில்லை.

அடுத்த தை அமாவாசைக்கு முன்னால் முதலாளி என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு காலண்டர்ப் படம். மேளம் அடிக்கிற பூனை. பழைய உற்சாகம் திரும்பியிருந்தது.

"முயலு மூஞ்சியைச் செதுக்கிப் பூனையாக்கிரலாம். இந்தத் தடவை வேளார் வேணாம். மதுரையில சினிமாவுக்குத் தட்டி எழுதுறவன் ஒருத்தன் இருக்கான். அவன் சேவலும் கேக்க மாட்டான், கண்ணாடியும் கேக்க மாட்டான். பெயிண்டால இழுத்துட்டுப் போயிருவான். என்ன சொல்றே?"

அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் தலையாட்டுவேன் என்று நினைத்துப் படத்தை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"கண்ணு வைக்கிறதா இருந்தா நாங்க போயிடுறோங்க" என்றேன்.

மடித்த கை நின்றது. "எங்கப்பா போவே?"

"தெரியலைங்க. பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவோம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, ரூமுக்கு மட்டும் வெள்ளை அடி" என்று சொல்லிவிட்டு வேலிப் பக்கமாகப் போனார்.

அறைக்கு வந்தேன். என் மனைவி மகளைக் கால்களுக்கு நடுவே உட்காரவைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். என்ன என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன். அவள் பிள்ளையின் தலையை ஒருமுறை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சீப்பை எடுத்தாள். நெற்றிக்கு மேலே புதுமுடி அப்போதுதான் குத்திட்டு முளைத்திருந்தது. சீப்பு அதில் நிற்கவில்லை.